கோயில் மண்டபத்தில் ஒரு படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதில் புரொஜெக்டர் வழியாக, பெரும்பாலும் நவீன ஓவியம் காட்டுகிறோம். ஒரு மாலைக்கு ஒரே ஒரு படம். முதல் பத்து நிமிடம் நான் வாயைத் திறப்பதில்லை. வந்தவர்கள் பார்க்கிறார்கள், கண்ணில் பட்டதைச் சொல்கிறார்கள். யார் வரைந்தது, எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிகள், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர்கள், லாரி ஓட்டும் அண்ணன்மார், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்பதும் பெரும்பாலும் பழைய கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டீச்சர், எல்லாம் வெள்ளைக்காரன் வரைந்த படம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நாங்கள் முதன்முதலில் காட்டிய படத்தையே பதிலாகச் சொல்கிறேன். வின்சென்ட் வான்கோ 1885இல் நெதர்லாந்தில் நியூனன் என்ற கிராமத்தில் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’. இருட்டான ஒரு வீடு. மேலே தொங்கும் எண்ணெய் விளக்கு. மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் ஆவி பறக்கும் கிழங்குத் தட்டு. வலப்பக்கம் ஒரு பெண் கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நமக்கு முதுகு காட்டி ஒரு சிறுமி நிற்கிறாள்.

மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “கையப் பாரு, வேலை செஞ்ச கை” என்றார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்ததை அவர் அம்மா சொன்ன கதை, தோட்டத்து லய வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட கதை எல்லாம் வந்தன.

பாட்டி சொன்னதும் வான்கோ நினைத்ததும் ஒன்றுதான். தட்டுக்கு நீளும் இந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின, இவர்கள் நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த சாப்பாடு இது என்பது படத்தில் தெரிய வேண்டும் என்று தம்பி தியோவுக்கு அவர் கடிதம் எழுதினார். முகங்களின் நிறம்கூடத் தோல் உரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். அந்தப் பாட்டி அந்தக் கடிதத்தைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. படம் இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நவீன ஓவியம் என்றால் எந்தக் காலத்துப் படம்? இப்போது வரைவதா?

இல்லை. ஏறக்குறைய 1860களிலிருந்து 1960கள் வரை உள்ள நூறு வருடத்தைத்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். இப்போது வரைவதைச் சமகாலக் கலை என்பார்கள். கோடு எங்கே போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏன் அந்தக் காலத்தில் ஓவியம் மாறியது என்பதுதான் சுவையான விஷயம். 1839இல் புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆளை அச்சு அசலாகப் பதிவு செய்யும் வேலையைக் கேமரா மெல்ல எடுத்துக்கொண்டது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கிப் பயன்படுத்தும் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்க உரிமம் வாங்கினார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிழிந்தார்கள். குழாய் வந்த பிறகு வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போய் வரைய முடிந்தது. நாம் பார்க்கும் வெயிலும் நிழலும் நிறைந்த படங்கள் பாதி அந்தக் குழாயால் வந்தவை.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

மில்லே வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. 1857. நீங்கள் சொன்ன நவீன காலத்துக்குக் கொஞ்சம் முந்தியது அல்லவா என்று யாராவது கேட்டால், ஆம், முந்தியதுதான். ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

அறுவடை முடிந்த வயல். தூரத்தில் வைக்கோல் போர், நிறைந்த வண்டி, குதிரைமேல் ஒரு கண்காணிப்பாளர். முன்னால் மூன்று பெண்கள். இரண்டு பேர் முழுக்கக் குனிந்து தரையில் சிதறிய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். மூன்றாவது பெண் பாதி நிமிர்ந்திருக்கிறாள். அறுவடைக்குப் பிறகு மிஞ்சியதை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அங்கே இருந்த பழைய வழக்கம்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மண்டபத்தில் இந்தப் படம் வந்தவுடன் ஓர் அக்காள் எழுந்து வந்து, அந்த மூன்றாவது பெண்ணைக் காட்டி, “இவ நிமிரல. இடுப்பு புடிச்சிருக்கு, அடுத்து எங்க குனியறதுன்னு பாக்குறா” என்றார். நான் பல வருடமாகப் புத்தகங்களில் பார்த்த படம் அது. மூன்று பெண்களும் ஒரு வேலையின் மூன்று கட்டம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: தேடுவது, எடுப்பது, முதுகை ஆற்றிக்கொள்வது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் இருக்கும் வண்டியும் போரும் வெயிலில் மின்னுகின்றன. விளைச்சல் முழுவதும் அங்கே போய்விட்டது. பெண்களின் கையில் ஒரு பிடிதான். ஆனால் படத்தில் பெரிய உருவம் யாருக்கு? அந்தப் பெண்களுக்கு. கண்காணிப்பாளர் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. பாரிஸ் கண்காட்சியில் இதை வைத்தபோது வசதியானவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கூலிக்காரப் பெண்களை இவ்வளவு கம்பீரமாக வரைந்தால் நாளைக்குக் கலகம் வரும் என்று பயந்தார்கள்.

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் படம் இருக்கிறது. அந்தக் கட்டடம் 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். பிறகு நீளமான ரயில்களுக்கு நடைமேடை போதவில்லை. இடித்துத் தள்ளப் பார்த்தார்கள். தப்பித்து 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. உள்ளே அந்தப் பெரிய கடிகாரம் இன்னும் ஓடுகிறது.

குடையிலும் போன் உறையிலும் வருகிற அந்த நட்சத்திரப் படம் உண்மையில் எங்கே இருக்கிறது?

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். மோமா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1929இல் மூன்று பெண்கள் முன்னின்று தொடங்கிய இடம் அது. ‘நட்சத்திர இரவு’ 1941இல் அங்கே வந்து சேர்ந்தது.

வான்கோ அதை வரைந்தது 1889 ஜூன் மாதம், தென் பிரான்சில் சான் ரெமி என்ற ஊரின் மனநல விடுதியில். அவர் அறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. விடியுமுன் அங்கே பார்த்த வானத்தைப் பகலில் கீழே வேறோர் அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தார். படத்தில் உள்ள கிராமம் அந்த ஜன்னலிலிருந்து அப்படித் தெரியாது, அவராகச் சேர்த்தது. பால் வெட்டுக்கு எழுந்தவர்களுக்கு அந்த நேரத்து வானம் தெரியும். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது கிழக்கே விடிவெள்ளி இருக்கும். அதே விடிவெள்ளியைப் பார்த்ததைத்தான் அவரும் தம்பிக்கு எழுதினார்.

வான்கோ சாகும் வரை ஒரு படம்கூட விற்கவில்லையாமே?

அப்படி இல்லை. ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற படத்தை 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஆனா போக் என்ற பெல்ஜியப் பெண் ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். சாயும் வெயிலில் திராட்சை பறிக்கும் கூலியாட்கள்தான் அதிலும். இப்போது அது மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் யோ. தம்பி தியோவின் மனைவி. வான்கோ 1890 ஜூலையில் இறந்தார். ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார். கையில் ஒரு வயதுக் குழந்தை, வீடு நிறைய யாரும் மதிக்காத படங்கள். விற்றுத் தொலைத்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெண் ஒரு விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டு, படங்களைக் கண்காட்சி கண்காட்சியாக அனுப்பினார். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களை வரிசைப்படுத்தி 1914இல் வெளியிட்டார். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகி, குடும்பத்திடம் மிஞ்சிய படங்களைப் பொதுச் சொத்தாக்கினார். அப்படித்தான் 1973இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் திறந்தது. வான்கோவின் கதையைச் சொல்பவர்கள் காதை அறுத்ததைச் சொல்கிறார்கள். யோவைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

‘குவெர்னிகா’வில் ஏன் கலரே இல்லை?

பிக்காசோவின் இந்தப் படத்தைப் பார்த்து இதைக் கேட்டது நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பையன். நல்ல கேள்வி.

குவெர்னிகா என்பது ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் ஒரு சிறிய ஊர். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தளபதி பிராங்கோவுக்கு உதவியாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊர்மேல் மணிக்கணக்கில் குண்டு போட்டன. பாரிசில் இருந்த பாப்லோ பிக்காசோ அதைச் செய்தித்தாளில் படித்தார். அந்த வருடப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்குக்கு ஒரு பெரிய படம் வரைந்து தர ஒப்புக்கொண்டு, என்ன வரைவது என்று தெரியாமல் இருந்த நேரம் அது. மே முதல் தேதி தொடங்கி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் முடித்தார். கருப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். செய்தித்தாள் படத்தின் நிறம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது எல்லாம் எரிந்து முடிந்த இடத்தின் நிறமாகவும் தெரிகிறது.

உயரம் சுமார் 3.5 மீட்டர், அகலம் 7.8 மீட்டர். செம்பனைக் குலை ஏற்றும் லாரியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு. இடது ஓரத்தில் செத்த குழந்தையை மடியில் வைத்து வானத்தைப் பார்த்துக் கதறும் தாய். நடுவில் குத்துப்பட்ட குதிரை. மேலே கண் மாதிரி ஒரு மின்விளக்கு. கீழே விழுந்து கிடப்பவனின் கையில் உடைந்த வாள், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ. அந்தப் பூவை மண்டபத்தில் யாராவது கண்டுபிடிக்கும் வரை நான் சொல்வதே இல்லை.

பிராங்கோவின் சர்வாதிகாரம் போய் ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும் வரை படம் அங்கே போகக்கூடாது என்பது பிக்காசோவின் விருப்பம். அதனால் அது பல வருடம் மோமாவில் இருந்தது. பிக்காசோ 1973இல் இறந்தார், பிராங்கோ 1975இல். 1981இல் படம் ஸ்பெயினுக்குப் போனது. வரைந்தவர் அதைத் தன் நாட்டில் பார்க்கவே இல்லை. 1992 முதல் மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்தது.

வெறும் கோடும் கட்டமுமாக இருக்கிற படங்களுக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமே புரியவில்லை.

வாசலில் போடுகிற சிக்குக் கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று நாம் யாரையாவது கேட்டிருக்கிறோமா? பூ இல்லை, மயில் இல்லை, வெறும் புள்ளியும் வளைவும்தான். ஆனாலும் கோணல் எங்கே, எந்த இடத்தில் கை தடுமாறியது, எது அழகு என்று சட்டென்று தெரிந்துவிடுகிறது. மோண்ட்ரியான் வரைந்த சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களையும் அந்தக் கண்ணால் பாருங்கள். மோமாவில் உள்ள அவருடைய ‘பிராட்வே பூகி வூகி’யை (1942–43) காட்டியபோது கோலப்போட்டியில் பரிசு வாங்கும் ஒரு பெண், “இதுல புள்ளி ஓடுது டீச்சர்” என்றாள். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

புரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். மாட்டிஸ் செய்த ‘படகு’ என்ற படத்தை 1961இல் மோமாவே தலைகீழாக மாட்டிவிட்டது. 47 நாள் கழித்துப் பார்வையாளர் ஒருவர் சொல்லித்தான் திருப்பி மாட்டினார்கள்.

எல்லாவற்றையும் போனில் பார்த்தால் போதாதா?

பார்க்கலாம், தாராளமாகப் பாருங்கள். பல அருங்காட்சியகங்கள் தங்கள் இணையத்தளத்தில் பெரிய அளவில் படங்களை இலவசமாகத் தருகின்றன. நாங்கள் காட்டுவதும் அவைதான். விரலால் பெரிதாக்கினால் தூரிகையின் மயிர் ஓடிய தடம்கூடத் தெரியும்.

போனில் தெரியாதது அளவு. டாலி வரைந்த உருகும் கடிகாரப் படம் (1931, அதுவும் மோமாவில்தான்) பெரிய சுவரை அடைக்கும் என்று நினைத்திருந்தேன். 24க்கு 33 சென்டிமீட்டர்தான். பள்ளி நோட்டைவிடச் சற்றே பெரியது. ‘குவெர்னிகா’வும் அதுவும் போனில் ஒரே அளவு. அதனால்தான் படத்தைக் காட்டுமுன் அதன் அளவுக்கு வேட்டியில் கயிறு பிடித்துக் காட்டுகிறோம். ‘குவெர்னிகா’வுக்கு மட்டும் கயிறு வேட்டியைத் தாண்டி மண்டபச் சுவர் முழுக்கப் போனது.

ரப்பர் பாலுக்கும் ஓவியத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இதைப் பற்றி எழுதுவதில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி.

முதலில் டெட்ராய்ட். அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரம். அங்குள்ள கலை அருங்காட்சியகத்தின் ஒரு கூடம் முழுக்க 1932–33இல் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 27 சுவரோவியங்கள் தீட்டினார். பணம் கொடுத்தது ஃபோர்டு குடும்பம். படத்தில் நிறைந்திருப்பதோ தொழிலாளர்கள். இயந்திரத்துக்கு நடுவே வளைந்து, இழுத்து, தள்ளி வேலை செய்கிறார்கள். மேற்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் தொழிற்சாலைத் துறைமுகம், மறுபக்கம் தென்னமெரிக்காவில் பால்மரம் வெட்டும் ஆட்கள், நடுவில் கப்பல். காருக்கு டயர் வேண்டும், டயருக்கு நம்முடைய வேலை வேண்டும் என்று அந்தச் சுவரே சொல்கிறது. மலாயாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக ரப்பர் அமெரிக்காவுக்குப் போன காலம் அது. என் அம்மா மங்கில் (மரத்தில் கட்டும் பால் கிண்ணத்தில்) பிடித்த பால் எந்தக் காரில் ஓடியதோ என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 2013இல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானபோது கடன்காரர்களின் கண் இந்த அருங்காட்சியகத்தின்மேல் விழுந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் மற்றவர்களும் 800 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டி, படங்களையும் நகர ஊழியர்களின் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் காப்பாற்றினார்கள்.

அடுத்தது ஈவா ஹெஸ்ஸே. 1936இல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் போனவர். 34 வயதில் இறந்துவிட்டார். அவர் மெல்லிய வலைத்துணியில் ரப்பர் பாலைத் தடவித் தடவி, பெரிய திரைகள்போலத் தொங்கவிட்டார். 1969இல் செய்த ‘கன்டின்ஜென்ட்’ ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில், கான்பெராவில் இருக்கிறது. ‘எக்ஸ்பான்டட் எக்ஸ்பான்ஷன்’ நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில்.

அந்தப் பால் இப்போது எப்படி ஆகியிருக்கும் என்று மண்டபத்தில் கேட்டேன். “காஞ்சு பழுப்பாயிருக்கும், மடக்குனா ஒடியும்” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சரியாக அதுதான் நடந்தது. தொடக்கத்தில் வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தவை பழுத்து, கெட்டித்து, நொறுங்கத் தொடங்கின. பெரிய பெரிய பாதுகாப்பு நிபுணர்கள் இதை என்ன செய்வது என்று பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பால் நிலைக்காது என்று தெரிந்துதான் ஹெஸ்ஸே அதை எடுத்தார். ஒட்டுப்பால் உருண்டையைக் கையில் வைத்து விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பொருளின் மணமும் இழுவையும் தெரியும். உலகத்தில் இந்தக் கலையைத் தொடாமலே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நாம்.

ஒரு படத்துக்கு இத்தனை மில்லியனா? நியாயமா?

வான்கோ வரைந்த மருத்துவர் காஷேயின் படம் 1990இல் 82.5 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. வரைந்து சரியாக நூறு வருடம். ஏல விலை என்பது ஒரு பொருள்மேல் இரண்டு பணக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் ஆசை வந்தால் ஏறுவது. படத்தின் தரத்தை அதை வைத்து அளக்காதீர்கள். அருங்காட்சியகத்தில் மாட்டியிருப்பது விற்பனைக்கு இல்லை, யார் வேண்டுமானாலும் முன்னால் நிற்கலாம். எனக்கு முக்கியம் அதுதான்.

கண் புரை வந்த பாட்டி, தாத்தாவெல்லாம் வந்து என்ன பார்க்கப் போகிறார்கள்?

ஓவியர் மோனேவுக்கும் கண் புரை இருந்தது. அல்லிக்குளப் படங்களைப் பார்வை மங்கிய நிலையிலேயே வரைந்துகொண்டிருந்தார். 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபடியும் வரைந்தார். 1926 டிசம்பரில் இறந்தார். மறு வருடம் பாரிஸ் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இரண்டு முட்டை வடிவ அறைகளில் அந்தப் பெரிய படங்களைச் சுற்றிலும் மாட்டித் திறந்தார்கள். தாத்தாவை அழைத்து வாருங்கள். முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான்.

நேரில் பார்க்கப் பாரிசுக்கா போக முடியும்? நம் நாட்டில் எங்கே போகலாம்?

கோலாலம்பூரில் பாலாய் செனி நெகாரா, நம் தேசியக் கலைக்கூடம். 1958இல் தொடங்கியது. இங்கே ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மோனோரயிலில் கடைசி நிலையமான தித்திவங்சா வரை போனால், அங்கிருந்து நடந்தே போய்விடலாம். இஸ்தானா புடாயாவுக்குப் பக்கத்துக் கட்டடம். நம் நாட்டு ஓவியர் லத்திஃப் மொஹிடினின் ‘பாகோ பாகோ’ வரிசையைத் தேடிப் பாருங்கள். 2018இல் பாரிஸ் பொம்பிடு மையத்திலேயே அதற்கு ஒரு கண்காட்சி நடந்தது. அம்பாங் பார்க் எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்தில் இல்ஹாம் கலைக்கூடம் இருக்கிறது, நுழைவு இலவசம். இரண்டிலும் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் போகுமுன் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்குள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தன. அங்கே சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ இருக்கிறது. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள், நிற்கும் ஆசிரியர், கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? குடியுரிமை விண்ணப்பத்துக்காக மலாய் பேசிப் பழகிய நம் பெரியவர்களிடம் அந்த இரண்டு கேள்விகளைச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கனமானவை என்று அவர்கள் முகம் சொல்லும்.

ஈப்போ பழைய நகரத்துச் சுவரோவியங்களும் ஓவியம்தானா என்று கேட்கிறார்கள். ஓவியம்தான். அரை மணி நேரத்தில் போய்விடலாம். செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள், அவ்வளவுதான்.

இந்தியர்கள், தமிழர்கள் யாரும் இதில் இல்லையா?

இருக்கிறார்கள். அம்ரிதா ஷேர்-கில் பாரிசில் படித்துவிட்டு இந்தியா திரும்பியவர். 1937இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த பிறகு அவர் வரைந்தவற்றில் ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஒன்று. கருத்த உடம்பு, வெள்ளைத் துணி. 28 வயதில் இறந்துவிட்டார். அவர் படங்களின் பெரிய தொகுப்பு புதுடில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் ஓவியர்களே நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலம் கிராமம் இன்னும் இயங்குகிறது.

நம் நாட்டில் பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் இருந்தார். சுற்றுச்சூழல் கெடுவதையும் போரில் சாகும் எளிய மக்களையும் பற்றித் துணிந்து படம் செய்தவர். சையத் தாஜுதீன் தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்தவர். ஜொகூரில் பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா இந்த நாட்டு இந்தியக் குடும்பங்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து வரைந்து வருகிறார்.

மகன் எந்நேரமும் படம் வரைகிறான். படிப்பு கெட்டுவிடாதா?

கெடாது. ஒரு மங்குக் கிண்ணத்தைப் பார்த்து வரைய உட்காரும் பிள்ளை, அதன் விளிம்பு வட்டமா நீள்வட்டமா என்று முதல்முறையாகக் கவனிக்கிறான். அப்படிக் கவனிக்கப் பழகிய கண் கணக்கிலும் அறிவியலிலும் வேலை செய்யும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்விலேயே காட்சிக்கலை ஒரு பாடம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைக்குத் தனிப்புலம் உண்டு. அடித்து நிறுத்தாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வண்ணம் வாங்கித் தர வசதி இல்லையென்றால் பென்சிலும் பழைய நாட்காட்டியின் பின்பக்கமும் போதும்.

அடுத்த சனிக்கிழமை என்ன படம்?

கையபோத் 1875இல் வரைந்த ‘தரை இழைப்பவர்கள்’. சட்டையில்லாத மூன்று ஆட்கள் முட்டிபோட்டு, பாரிஸ் வீடொன்றின் பலகைத் தரையைச் செதுக்குகிறார்கள். சுருள் சுருளாக மரச்சீவல், ஜன்னல் வெளிச்சம், ஓரத்தில் ஒரு புட்டி. கூலியாட்களை வரைந்தது நாகரிகமில்லை என்று அன்றைய பெரிய கண்காட்சியில் ஏற்க மறுத்த படம். இப்போது ஓர்சேயில் இருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் அவசியம் வாருங்கள். கையில் அவர்கள் பிடித்திருக்கும் கருவி என்ன, ஏன் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பிடித்திருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.